தேதி வரும்

ஊரில் அவருக்குப் ‘பிரேக்’ என்றுதான் பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் மாஸ்டராக இருந்தார். பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, “பிரேக்! பிரேக்! காலை வைங்கன்னா கண்ணை மூடுறீங்களே!” என்று அவர் போடுகிற சத்தத்தில் எதிரே வருகிற லாரிக்காரனே பயந்து வேகத்தைக் குறைப்பான். பயிற்சி வண்டி என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்து யாரும் பார்த்ததில்லை. வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுகிற ஆள் என்று பள்ளி முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குக் குரல் கம்மிப்போனால் யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? நாள் முழுக்கக் கத்தினால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்றார்கள். வீட்டிலும் அப்படித்தான். “ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க, தானா சரியாயிடும். எங்க காதுக்கும் கொஞ்சம் ஓய்வு” என்று மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு காற்றுப் போன பந்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

அவள் பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம். துவைத்த படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் போக உதறி, சூடான உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் காகிதம் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும். எப்போதும் அவளுக்கு எதிர்முனையில் நிற்கிறவளும் அவளும் பல வருஷமாகச் சேர்ந்தே வேலை செய்வதால் மேஸ்திரி அவர்களை ‘ஜோடி’ என்றே கூப்பிடுவார். ஒருத்தி இருமினால்கூட அவள் கை எந்தப் பக்கம் போகும் என்று மற்றவளுக்குத் தெரியும்.

தொண்டைக்கட்டு ஒரு மாசமாகியும் போகவில்லை. தெருமுனையில் இருந்த அரசு மருத்துவ நிலையத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டாள். “விட்டு ரொம்ப வருஷமாச்சு” என்றார் அவர். ரொம்ப வருஷம் என்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார், மனைவி திருத்தவில்லை.

“இவ்வளவு நாள் குரல் கம்மியே இருந்தா உள்ள பார்த்துடறது நல்லதுங்க. பெரியாஸ்பத்திரி தொண்டை டாக்டருக்கு எழுதித் தர்றேன். அவசரம்னே போட்டிருக்கேன்.”

“எப்ப போகணும்?”

“அவங்களே ஃபோன் பண்ணுவாங்க. தேதி வரும்.”

தேதி வரவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. சலவைக்கூடத்தில் ஃபோன் எடுக்காது என்பதால் அவள் இடைவேளையில் படியேறி, குப்பைத்தொட்டிகள் வைத்திருந்த பின்வாசலில் நின்று பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிடுவாள். நெடுநேரம் ஒரே இசை ஓடும். அப்புறம் ஒரு பெண் குரல், கோபமும் இல்லாமல் பரிவும் இல்லாமல்: “உங்க வீட்டுக்காரர் பேரு வரிசையில இருக்கும்மா. தேதி வரும்.”

“அவசரம்னு எழுதியிருக்காங்களே...”

“வரிசையில இருக்கறது எல்லாமே அவசரம்தாம்மா.”

அவள் படியிறங்கி மறுபடி விரிப்பின் முனையைப் பிடித்துக்கொள்வாள்.

மகள் ஒரு டயர் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். சூட்டிகையானவள். விசாரிக்கிற விதத்தில் விசாரித்து, ஒருநாள் சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தாள்.

“அப்பா, மேம்பாலத்துக்குப் பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கு. பேசிட்டேன். நாளன்னைக்கே தொண்டை டாக்டர் பார்க்கறாராம். கேமரா விட்டு அப்பவே சொல்லிடுவாராம்.”

“எவ்வளவாம்?” என்றாள் அம்மா.

மகள் சொன்னாள். அம்மா கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அவர்களிடம் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. வங்கியில் இருந்தது. ஆனால் அது வேறொரு காரியத்துக்கு என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. பள்ளி முதலாளி தன்னிடம் இருந்த பயிற்சி வண்டிகளில் ஒன்றை விற்கப்போவதாகவும், ‘பிரேக்’குக்கென்றால் விலையைக் குறைத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தார். சொந்த வண்டி ஒன்று இருந்தால் போதும், அவர் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். அவளும் அந்த நிலவறையை விட்டு மேலே வந்துவிடலாம், ஆட்களைச் சேர்ப்பது, நேரம் குறிப்பது எல்லாம் தானே பார்த்துக்கொள்ளலாம். இதைப் பேசிப் பேசியே அவர்கள் பல ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டியிருக்கிறார்கள். வண்டி மேல் என்ன பெயர் எழுதுவது என்பதில் மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை.

“இது வெறுமனே பார்க்கறதுக்கு” என்றாள் அம்மா. “பார்த்துட்டு சும்மா விடுவாங்களா? ஸ்கேன்னுவான், டெஸ்டும்பான். ஒருதடவை உள்ள கால வெச்சா அவ்வளவுதான். எங்கூட வேலை செய்யறாளே, அவ அண்ணன் கதை உனக்குத் தெரியாதா? தொண்டையில என்னமோ உருளுதுன்னு தனியார்ல போய் இருந்ததெல்லாம் கொட்டினான். கடைசியில என்ன சொன்னான் டாக்டர்? வெறும் வாயுக்கோளாறாம். மாத்திரை ஒரு அட்டை!”

“அது அவங்க கதை. அப்பா குரலைக் கேளும்மா.”

“கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? இன்னும் பத்து நாள் பார்ப்போம். வரிசையில பேரு இருக்கு. இவ்வளவு நாள் பொறுத்துட்டு இப்ப போய்க் காசைக் கரைக்கணுமா?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவர் கண்ணில் என்னவோ இருந்தது. அவளும் அதைக் கண்டாள். ‘போகலாம்னு நீயே சொல்லிடேன்’ என்கிற மாதிரி ஒரு பார்வை. ஆனால் அவள் அன்றைக்குக் களைத்திருந்தாள், முதுகு வலித்தது, தான் சொன்னது நியாயம் என்றும் தோன்றியது. எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டாள்.

“அம்மா சொல்றபடியே செய்வோம்” என்றார் அவர். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

பத்து நாள் என்பது பத்து நாளாகவா நின்றது? ஃபோன் செய்தால் அதே இசை, அதே குரல், அதே பதில். வேலையிடத்தில் அவரால் கத்த முடியவில்லை. முதலில் டேஷ்போர்டில் விரல் முட்டியால் தட்டிச் சொல்லிப் பார்த்தார். ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அந்தத் தட்டல் இன்னும் பதற்றத்தைத்தான் கொடுத்தது. பிறகு தன் காலடிப் பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். நாளெல்லாம் மிதித்தார். வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. “மாஸ்டருக்கு நம்ம மேல கோபம்போல” என்று ஒரு பெண் அழுதுவிட்டாள். முதலாளி அவரைக் கூப்பிட்டு, குரல் சரியாகிற வரைக்கும் ஆபீசில் உட்காரச் சொன்னார். தங்கமான மனுஷன், சம்பளத்தைக்கூடக் கொஞ்சம்தான் குறைத்தார்.

வீட்டில் அவர் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். “பசியில்ல, நீங்க சாப்பிடுங்க” என்பார். எல்லோரும் எழுந்த பிறகு சமையலறையில் நின்றுகொண்டு பாலில் ரொட்டியை ஊறவைத்து விழுங்குவார். ஒவ்வொரு வாய்க்கும் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்ப்பார். தண்ணீர் குடித்தால் புரையேறும். அவள் பார்த்தும் பாராத மாதிரி இருந்தாள். பார்த்துவிட்டால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமே.

ஒருநாள் வேலை முடிந்து வருகிறவள் தெருவில் அவரைக் கண்டாள். கொஞ்சம் தூரத்தில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தார். வழக்கமாக அவர் நடைக்கு அவள் ஓட வேண்டும். அன்றைக்கு அவர் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியில் போன ஒருவருக்கு வழிவிடுகிற மாதிரி பாவனை செய்தார். கொஞ்சம் நடந்து மறுபடி நின்றார். இந்த முறை ஒரு கடைக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. அது தலைக்கவசம் விற்கிற கடை. அவள் கிட்டே வந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மூச்சை இழுக்கும்போது, மூடாத ஜன்னல் வழியாகக் காற்று நுழைகிற மாதிரி மெல்லிசான ஒரு கீச்சு. இரவில் பக்கத்தில் படுத்திருக்கும்போது கேட்டிருக்கிறாள், குறட்டை என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். பட்டப்பகலில் தெருவில் நிற்கிற மனுஷன் குறட்டை விடுவானா?

“என்னங்க இது?” என்றாள்.

“என்ன?” என்றார், தலைக்கவசங்களையே பார்த்துக்கொண்டு.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே வங்கிக்குக் கிளம்பினாள். அவர் வாசலில் வந்து நின்று கேட்டார்: “வண்டி?”

“வண்டி கிடக்குது போங்க. ஓட்டறதுக்கு முதல்ல ஆளு வேணும்ல?”

தனியார் ஆஸ்பத்திரியில் நாற்காலிகள் மெத்து மெத்தென்று இருந்தன. ஆஸ்பத்திரி வாடையே இல்லை. ‘சார், உக்காருங்க சார்’ என்று ஒரு பெண் அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தாள். மகள் பணம் கட்டிவிட்டு வருவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மாசக்கணக்கில் வராத தேதி, பணத்தை நீட்டியதும் ஓடிவந்துவிட்டது.

டாக்டர் நடுத்தர வயசுக்காரர், நிதானமாகப் பேசினார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டார். பக்கத்தில் இருந்த திரையில் உள்ளே இருப்பது தெரிந்தது. மனைவி பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள், ஆனாலும் பார்த்தாள். சிவப்பாக, ஈரமாக ஒரு குகை. நடுவில் வெள்ளையாக ஒரு மடிப்பு திறந்து மூடியது. அதற்கு எதிரில் இருக்க வேண்டிய இன்னொரு மடிப்பைக் காணோம். அந்த இடத்தில் காலிஃபிளவர் மாதிரி என்னவோ உட்கார்ந்திருந்தது.

“ஏதாவது பேசுங்க” என்றார் டாக்டர்.

அவர் முயன்றார். ஒருபக்கம் துடித்தது, மறுபக்கம் செத்த மாதிரி கிடந்தது. படித்தவர்கள் யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

குழாயை எடுத்துவிட்டு டாக்டர் கையைக் கழுவினார். சதை எடுத்துச் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். ஆனால் புற்றுநோயாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்றும், குரல் நாண் அசையாமல் போயிருப்பதால் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். மகள் செலவைக் கேட்டாள். டாக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னார். வண்டிக்குச் சேர்த்ததைக் கொட்டினாலும், வீட்டை விற்றாலும், அவர்கள் மூன்று பேரையும் சேர்த்து விற்றாலும் எட்டாத தொகை. வீடோ வாடகை வீடு.

அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மேசை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “இங்க செய்யணும்னு கட்டாயம் இல்லம்மா. நான் காலையில பெரியாஸ்பத்திரியிலதான் இருக்கேன். சாயங்காலம் மட்டும்தான் இங்க. உங்க வீட்டுக்காரரை அங்க என் வரிசையில போட்டுடறேன்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயிலிருந்து தானாக வந்தது:

“அப்ப நாங்க இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தது உங்களுக்காகத்தானா?”

டாக்டர் கெட்ட மனுஷன் இல்லை. முகம் சுருங்கிப் போயிற்று. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மகள் அழுதாள். அவர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். “குரல் போனா என்ன, அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிடுவா” என்றார், மூச்சு வாங்கி வாங்கி. அந்தச் சின்ன நகைச்சுவைக்கு இரண்டு பேரும் சிரித்தே ஆக வேண்டியிருந்தது. அதைச் சொல்லி முடிக்க அவர் அவ்வளவு பாடுபட்டிருந்தார்.

அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரி. கூட்டம், நீண்ட பெஞ்சுகள், பினாயில் வாடை. சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு காத்திருப்பு, ஸ்கேனுக்கு ஒரு காத்திருப்பு, ஆபரேஷனுக்கு ஒரு காத்திருப்பு. முன்பு காத்திருந்தபோது என்னவென்று தெரியாமல் காத்திருந்தார்கள். இப்போது தெரிந்துகொண்டு காத்திருந்தார்கள். செலவழித்த காசுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும். ஒருமுறை தேதி கொடுத்து, படுக்கையில் சேர்த்து, வெறும் வயிற்றில் மத்தியானம் வரை வைத்திருந்துவிட்டு, விபத்துக் கேஸ்கள் வந்துவிட்டன என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மாற்று உடையை அவர் மடித்துப் பையில் வைத்தார். பக்கத்துப் படுக்கைக்காரரும் அதேபோல் மடித்துக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பள்ளி முதலாளி ஒருநாள் வந்து பழங்கள் கொடுத்துவிட்டு, அந்த வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்லதுதான் என்று அவர் கையைக் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் மூச்சு அடைத்தது. அவர் குளித்துவிட்டு வந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி புடைத்தன. உதடு நீலமாயிற்று. ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டால் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மாடி வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தாள். அவரிடம் கார் பழகியவள், மூன்று தடவை தேர்வில் தோற்று நாலாவது தடவை தேறியவள். அதற்கப்புறமும் பயத்தில் வண்டியை வாசலிலேயே துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். மகள் போட்ட கூச்சலில் அவள்தான் சாவியோடு ஓடிவந்தாள்.

“அக்கா, ஏத்துங்க. நான் ஓட்டறேன்.”

அவரை முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். சாய்த்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. மனைவியும் மகளும் பின்னால். டீச்சர் வண்டியை எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே பறந்தாள். சிக்னலில் நிற்கவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தபோது வண்டி குறுக்கே போயிற்று. அப்போது அவர் கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் தொட்டார். அந்த நிலைமையிலும், அத்தனை நாள் பழக்கத்தில், டீச்சர் பக்கம் திரும்பினார். உள்ளே இருந்த கொஞ்ச நஞ்சக் காற்றையெல்லாம் திரட்டி,

“மெதுவா” என்றார்.

டீச்சர் அழுதுகொண்டே, “சரிங்க மாஸ்டர், சரிங்க மாஸ்டர்” என்றாள்.

அவர் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை அதுதான். அப்போது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் திரும்பியது. துளையை விரலால் மூடிப் பார்த்தும் பேச்சு வரவில்லை. பல நாள் கழித்துத்தான் அவளுக்கு இது உறைத்தது. குரல் போகத்தான் போகிறது என்று தெரிந்திருந்தும், ஆபரேஷனுக்கு முந்தின நாள் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒத்திப்போட்டு வைத்திருந்தாள். அந்த முந்தின நாள் வரவே இல்லை. கடைசி வார்த்தை அவளுக்குச் சொன்னதுகூட இல்லை.

மூச்சு நின்றதால் தேதி வந்தது. அந்த வாரமே ஆபரேஷன் செய்தார்கள். குரல்வளையை எடுத்தார்கள். கழுத்துக் கட்டிகளை எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, முடிந்தவரைக்கும் எடுத்துவிட்டோம் என்றார். ‘முடிந்தவரைக்கும்’ என்ற வார்த்தை அவள் காதில் சிக்கிக்கொண்டது. டாக்டர் திரும்பிப் போகும்போது வராண்டாவில் பின்னாலேயே ஓடினாள்.

“டாக்டர், ஒண்ணே ஒண்ணு. ஆரம்பத்துலயே உங்ககிட்ட வந்திருந்தா? தனியார்ல, அன்னைக்கே வந்திருந்தா?”

டாக்டர் நின்றார். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

“அந்த நாண் அசைஞ்சுக்கிட்டு இருந்திருந்தா ரேடியேஷன்லயே பார்த்திருக்கலாம். குரலும் தப்பிச்சிருக்கலாம். ஆனா அப்ப எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும்மா தெரியும்? நிச்சயமா சொல்ல முடியாது.”

ஒரு டிராலி வந்தது, ஒதுங்கி வழிவிட்டாள். இதை அவள் மகளிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மகள் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்கிவந்து கொடுத்தாள், எழுதி அழிக்கிற மாதிரி. முதல் நாள் அவர் அதில் ‘பசிக்குது’ என்று எழுதினார். அதைப் பார்த்து மூன்று பேரும் ஏதோ பெரிய விஷயம் நடந்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர் வெளியே போவதை விட்டுவிட்டார். தெருவில் யாராவது காரை நிறுத்தி “மாஸ்டர்!” என்று கூப்பிட்டால் ஜன்னலை விட்டு உள்ளே தள்ளிக்கொள்வார். இருமல் வந்தால் கழுத்துத் துளையிலிருந்து சளி தெறிக்கும். அதை அவள் துணியால் துடைப்பாள். ஓட்டலில் கழித்துப்போட்ட வெள்ளை விரிப்புகளை ஜோடிக்காரி கிழித்து, மடித்து, பை பையாகக் கொடுத்தனுப்பினாள். தன் அண்ணன் கதையை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை. உருளைக்கு எதிரெதிரே நின்றாலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ரேடியேஷனுக்கும் ஒரு வரிசை இருந்தது. ஒருவழியாக அதுவும் நடந்தது. அது முடிந்து எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. டாக்டர் இந்த முறை அவர்களை உட்காரவைத்துப் பேசினார். ஆபரேஷனால் ஆவது இனி ஒன்றுமில்லை. ஒரு ஊசி மருந்து இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடையாது, வெளியே பணம் கொடுத்துத்தான் போட வேண்டும். குணமாகாது. சில மாசம் கூடக் கிடைக்கலாம். சிலருக்கு அதுவும் இல்லை.

வங்கியில் மிச்சம் இருந்தது. மகள் தன் பங்குக்குக் கடை முதலாளியிடம் கேட்கிறேன் என்றாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவை யோசிக்கவே வேணாம். நாளைக்கே போய்ப் பணம் கட்டறேன்.”

அவர் பலகையில் எழுதினார்: ‘வேண்டாம்.’

“வேண்டாம்னா என்ன அர்த்தம்? யாருக்காக வெச்சிருக்கோம் அந்தக் காசை?”

‘மகளுக்கு.’

“அவ சம்பாதிச்சுக்குவா. அவளும் கட்டுன்னுதான் சொல்றா. கேளுங்க அவளை.”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் கெஞ்சினாள். திட்டினாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “என்னைக் கொல்லாதீங்க” என்றாள். மகள் சமையலறை வாசலில் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு எழுதினார். மெதுவாக, எழுத்து எழுத்தாக. எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

‘அன்னைக்கு நீ சொன்னத நான் கேட்டேன். இன்னைக்கு நான் சொல்றத நீ கேளு.’

அந்தச் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி அவர் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. எழுதியதும் இல்லை. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முகம் ஒருபக்கம் வீங்கி, இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. அதில் எதையும் படிக்க முடியவில்லை. குரல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ‘கேளு’ என்பதை அவர் எப்படிச் சொல்கிறார் என்று ஒரு மூச்சில் தெரிந்திருக்கும். அத்தனை வருஷம் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, கோபத்துக்கும் கொஞ்சலுக்கும் நடுவில் இருக்கிற அத்தனை படிகளும் அத்துப்படி. பலகையில் இருந்தது வெறும் எழுத்து.

“கோபமா சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

அவர் பலகையை அழித்துவிட்டு, அவள் தோளில் கையை வைத்தார். அது ‘இல்லை’ என்பதற்காகவா, ‘ஆமாம், ஆனாலும் பரவாயில்லை’ என்பதற்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.

ஊசி போடவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் போய்விட்டார். பெரிய வேதனையில்லாமல், ஒரு காலை நேரத்தில், மகள் பால் சுடவைத்துக்கொண்டிருந்தபோது. அவரிடம் வண்டி பழகியவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். தெரு முழுக்கக் கார்கள் நின்றன. ஒவ்வொருவரும் அவர் தங்களை எப்படித் திட்டினார் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். டீச்சர் மட்டும் ஒதுங்கிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் இப்போதும் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் போகிறாள். விரிப்பை உதறும்போது, பலகையில் இருந்த அந்த இரண்டு வாக்கியங்களையும் அவருடைய பழைய குரலில் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். சில நாள் அது சிரித்துக்கொண்டே சொல்கிற மாதிரி வரும். சில நாள், ஓட்டத் தெரியாதவளைப் பார்த்து அவர் போடுகிற சத்தமாக வரும். எது சரி என்று சொல்லக் கூடியவர் ஒருத்தர்தான். எதிர்முனையில் நிற்கிறவள், “இழுத்துப் பிடி, சுருங்குது பாரு” என்பாள். அவள் இழுத்துப் பிடிப்பாள்.